இலங்கையில் பெண்கள் வாக்குரிமை

இலங்கையில் பெண்கள் வாக்குரிமை 1931 ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியரின் ஆசியக் குடியேற்ற நாடுகளுள் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை முதன்முதலாக இங்கேயே வழங்கப்பட்டது.

பின்னணி

1924 ஆம் ஆண்டுச் சட்டவாக்கப் பேரவைத் தேர்தலில், கல்வியோ வருமானமோ சொத்தோ உடைய ஆண்களே வாக்களித்தனர். அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 வீதத்தினர். பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை.

பெண்கள் வாக்குரிமைச் சங்கம்

அரசியல் சீர்திருத்தங்களை ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா இதன் செயலாளராக விளங்கினார். கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழரை மணந்த மருத்துவர் மேரி இரட்ணமும் இதில் முக்கிய பங்காற்றினார்.

சங்கம் முதலில் கல்வி, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கே வாக்குரிமை கோரியது. எனினும், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அதை வழங்க வேண்டுமா என ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்களே என்றும் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றும் அக்னஸ் டி சில்வா விடையளித்தார்.

பரிந்துரையும் எதிர்ப்பும்

ஆணைக்குழு 1928 இல் ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் பிரித்தானியா தன் நாட்டுப் பெண்களின் வாக்களிக்கும் வயதை 21 ஆகக் குறைத்தது. இலங்கையிலும் பின்னர் இருபாலாருக்கும் 21 வயதே ஏற்கப்பட்டது. பொன்னம்பலம் இராமநாதன் உள்ளிட்ட தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். 1929 டிசம்பரில் சட்டவாக்கப் பேரவை 19 இற்கு 17 என்ற வாக்குகளால் டொனமூர் திட்டத்தை ஏற்றது.

தேர்தல்கள்

1931 சூனில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணக் குடாநாடு தேர்தலைப் புறக்கணித்தது. அங்கே நான்கு தொகுதிகளுக்கும் 1934 இலேயே தேர்தல் நடந்தது. எனவே குடாநாட்டுப் பெண்கள் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1931 நவம்பரில் றுவான்வெல்லை இடைத்தேர்தலில் வென்ற அடலின் மொலமூறே சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து தெரிவானார்.

மலையகப் பெண்கள்

தோட்டத் தொழிலாளருக்கு 1931 இல் வாக்குரிமை நிபந்தனைகளுடனேயே கிடைத்தது. நிரந்தரக் குடியிருப்பை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து 1949 இல் செய்யப்பட்ட தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவர்களுள் பெரும்பாலானோர், ஆண்களும் பெண்களும், அவ்வுரிமையை இழந்தனர். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேற்றப்பட்டது.