பிடிமுறைப் பயிற்சிச் சீருடை: வாங்கும் முன்னும் பின்னும்

ஜூடோ, பிரேசிலிய ஜுஜுட்சு ஆகிய பிடிமுறைக் கலைகளில் எதிராளியின் காலரையும் சட்டைக் கையையும் பற்றி இழுத்தே வீசுதலும் மடக்குதலும் நிகழ்வதால், அங்கே சீருடையே ஒரு பயிற்சிக் கருவியாகிறது. 1882இல் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவின் தொடக்க காலச் சீருடைகளில் கையும் காலும் குட்டையாக இருந்தன. முழங்கையும் முழங்காலும் பாயில் உரசிச் சிராய்ந்ததால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை நீட்டப்பட்டன. இன்றைய சீருடையின் அளவுகளுக்குப் பின்னால் இத்தகைய பாதுகாப்புக் காரணங்கள் உள்ளன என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை.

கராத்தே வகுப்பிலிருந்து ஜூடோவுக்கு மாறும் பிள்ளைகள் பழைய கராத்தே உடுப்பையே அணிந்து வருவது முதல் ஆபத்து. குத்துக்கும் உதைக்கும் ஏற்ப மெல்லிய துணியில் தைக்கப்படும் அவ்வுடுப்பு, இழுவிசை தாங்காமல் அக்குளிலும் தோள் தையலிலும் கிழிகிறது. ஜூடோவில் வீசுபவர் எதிராளியின் சட்டைக் கையைக் கடைசிவரை இழுத்துப் பிடித்திருப்பதால்தான் விழுபவரின் தலையும் தோளும் நேராகத் தரையில் மோதாமல் தடுக்கப்படுகின்றன. அந்தக் கணத்தில் துணி கிழிந்தால் பிடி நழுவி, விழுபவர் ஆதரவின்றி விழுகிறார். ஆகவேதான் ஜூடோ மேல்சட்டையின் மேற்பகுதி, அரிசி நெசவு எனப்படும் தடித்த பருத்தி நெசவால் ஆகிறது. துணியின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படுகிறது. பெரிய போட்டிகளுக்கு உரியது ஏறத்தாழ 650 முதல் 750 கிராம். தமிழகத்தின் வெயிலில் தொடக்கநிலை மாணவருக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. இடைத்தரமான கனமும் இரட்டைத் தையலும் முழங்காலில் கூடுதல் துணியும் இருந்தால் போதுமானது.

இரண்டாவது ஆபத்து அளவில் உள்ளது. வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தலாம், பிடிமுறைப் பாய்க்குப் பொருந்தாது. குதிகாலுக்கடியில் மிதிபடும் கால்சட்டை வழுக்கி விழச் செய்கிறது. மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்பில் எதிராளியின் விரல் சிக்கித் திருகிக்கொள்கிறது. கையை முன்னே நீட்டினால் சட்டைக் கை மணிக்கட்டுக்கு 5 செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது, கால்சட்டை கணுக்காலுக்கு 5 செ.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது என்பது சர்வதேச பிரேசிலிய ஜுஜுட்சு கூட்டமைப்பின் போட்டி விதி. முன்கூட்டியே சுருக்கப்படாத பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும் என்பதால், அந்த விவரத்தைக் கேட்டறிந்தபின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சலவைக்கு முன்பே அணிந்து, கையை நீட்டியும் குந்தி எழுந்தும் பார்ப்பது மாற்றிக் கொள்ளும் வாய்ப்பையும் காக்கும். வியர்வை காயாத உடுப்பால் படர்தாமரையும் தோல் தொற்றும் பரவக்கூடும் என்பதால், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் துவைத்து வெயிலில் உலர்த்துவது கட்டாயம். ஒரே ஒரு உடுப்புடன் தினமும் பயில்வது இந்த வகையில் ஏற்றதன்று. பெண்கள் உள்ளே பனியன் அணிவது போட்டி விதிகளே வலியுறுத்தும் ஒன்று. பயிற்சியாளர் அதைத் தடுக்க இடமில்லை.

வாங்குபவரின் உரிமைகள் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளன. ரசீது தர மறுப்பதும், இல்லாத தரத்தையோ அங்கீகாரத்தையோ இருப்பதாகச் சொல்லி விற்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடைகள் அச்சடித்துத் தந்தாலும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஒரு சேவையைப் பெற வேண்டுமானால் இன்ன பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதைச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என வகைப்படுத்துகிறது. பயிற்சி மையம் நிறத்தையும் துணியின் கனத்தையும் வரையறுப்பது நியாயமே. தன்னிடமே, தான் சொல்லும் விலைக்கே வாங்காதவருக்கு வகுப்பில் இடமில்லை என்பது நியாயமாகாது, அதைப் பெற்றோர் எழுத்துமூலம் கேள்வி கேட்கலாம்.

இணையவழியில் வாங்கியவரின் புகாரை, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தீர்வு கிடைக்காதவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்ததாக, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறைபாடுள்ள உடுப்பால் காயம் நேர்ந்திருந்தால், அதே சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவின்கீழ் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரவும் வழியுண்டு. அதற்கு ரசீது, மருத்துவச் சீட்டு, கிழிந்த இடத்தின் படம் ஆகியவற்றுடன் அந்த உடுப்பும் சான்றாக வேண்டும் என்பதால், புகார் முடியும்வரை அதைத் தைக்கவோ தூக்கி எறியவோ கூடாது.