மஞ்சள் அம்பா, நீல அம்பா?

டார்பிஷயர் மலைநாட்டில் பேக்வெல் ஊரிலிருந்து பக்ஸ்டன் பக்கமாகப் போகும் மான்சல் டிரெயில் ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1968-இல் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் போன பிறகும் சுரங்கங்கள் பல்லாண்டுகள் அடைபட்டே கிடந்தன. 2011-இல் அவற்றைத் திறந்துவிட்டதும் எட்டரை மைல் தூரத்துக்குக் கார், லாரி எதுவும் குறுக்கிடாத சைக்கிள் வழி ஒன்று கிடைத்தது. நீராவி எஞ்சின் ஏறுவதற்காகச் சரிவைத் தணித்து வெட்டிய பாதை என்பதால், சுற்றிலும் குன்றுகள் செங்குத்தாக நின்றாலும் மிதிப்பவருக்கு மூச்சு வாங்குவதில்லை. தெற்கே 13 மைல் நீளும் டிஸ்ஸிங்டன் டிரெயிலும் 17 மைல் நீளும் ஹை பீக் டிரெயிலும் பழைய ரயில் தடங்கள்தான்.

இந்தத் தடங்கள் முடிகிற இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அடுத்த ஊருக்குப் போக வேண்டிய பயணி ஃபோனில் வரைபடத்தைத் திறக்கிறார். ஒரு பக்கம் கார்கள் பறக்கும் சாலை. இன்னொரு பக்கம், கேட்டைத் தாண்டி மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும் அகலமான சரளைப் பாதை. செயலி அதையே காட்டுகிறது. அதில் சைக்கிள் விடலாமா?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாதை எத்தனை அகலம், தரை எவ்வளவு சமம் என்பதெல்லாம் இங்கிலாந்துச் சட்டத்துக்குப் பொருட்டல்ல. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கி, உள்ளூர் கவுன்சில் பராமரித்துவரும் ‘டெஃபினிட்டிவ் மேப்’ என்னும் பதிவில் அந்தப் பாதை எந்த வகையில் சேர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. அதை வழியில் நிற்கும் கம்பத்து அம்பின் நிறம் சொல்லிவிடும். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவருக்கு மட்டும். நீலம் என்றால் ‘பிரிடில்வே’ என்னும் குதிரைப் பாதை. 1968-இல் வந்த கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அதில் சைக்கிளையும் அனுமதித்தது. கத்தரிப்பூ நிறம் ‘ரெஸ்ட்ரிக்டட் பைவே’. சைக்கிளும் குதிரை வண்டியும் போகலாம், மோட்டார் கூடாது. சிவப்பு அம்புள்ள பைவேயில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும்கூட வரலாம். அமைதியை எதிர்பார்த்து வருபவர் அதை நினைவில் வைப்பது நல்லது.

இங்கிலாந்தின் பொது வழிகளில் சைக்கிளுக்கு உரிமையுள்ளவை ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1950-களில் ஊர்க் கவுன்சில்கள் கணக்கெடுத்தபோது பழைய வண்டித்தடங்கள் பலவும் ‘நடைவழி’ என்றே பதிவாகிவிட்டன. விளைவாக, டிராக்டர் ஓடும் கெட்டித் தரையில் சைக்கிளுக்கு இடமில்லை. முழங்கால் சேறு நிற்கும் குதிரைப் பாதையில் உண்டு. இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

மஞ்சள் அம்புப் பாதையில் மிதித்துவிட்டால் ஜெயிலா என்றால், இல்லை. அது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல், சிவில் விவகாரம். அவர் வெளியேறச் சொல்லலாம், சேதத்துக்கு வழக்குப் போடலாம். உள்ளூர்த் துணைவிதி ஏதும் இல்லாதவரை அது குற்றமாகாது. சாலையோர நடைமேடையில் ஓட்டுவது வேறு கதை. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. இன்றும் 50 பவுண்டு அபராதம் விதிக்கலாம்.

திறந்த மலைவெளியில் எங்கும் சுற்றலாம் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையும் கால்நடையாகச் செல்பவருக்குத்தான். டார்ட்மூர் மலைவெளியின் பொது நிலங்களில் கூடாரம் அடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தபோது சைக்கிள்காரர்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த உரிமையின் வேரான 1985-ஆம் ஆண்டுச் சட்டம் நடந்தோ குதிரையிலோ வருபவரைத்தான் பேசுகிறது. எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளையும் சேர்த்தே அணைத்துக்கொள்கிறது.

பெயர்பெற்ற பயணத்தடம் என்பதாலேயே மோட்டார் வராது என்று எண்ணுவதும் தவறு. 1994-இல் தொடங்கிய சி-டு-சி வழி மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைவரை ஏறத்தாழ 140 மைல். 580 மீட்டர் உயர ஹார்ட்சைடு கணவாயைத் தாண்டிப் போகிறது. அதில் பழைய ரயில் தடமும் உண்டு, சாதாரணச் சாலையும் உண்டு. தேசிய சைக்கிள் வலைப்பின்னலை உருவாக்கிய சஸ்ட்ரான்ஸ் அமைப்பே 2020-இல் தன் வழிகளில் ஏறக்குறைய கால்பங்கைப் பாதுகாப்புப் போதாது என்று நீக்கியது அல்லது வகை மாற்றியது. பழைய வரைபடம் கையில் இருந்தால் கவனம் தேவை.

உயிர்வேலிக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றைத் தடச் சாலைதான் பார்க்க அழகு, ஆபத்தும் அதில்தான். வேறு பலகை இல்லாவிட்டால் அங்கே காருக்கு மணிக்கு 60 மைல்வரை சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனின் சாலைச் சாவுகளில் பாதிக்கு மேல் கிராமப்புறச் சாலைகளில் நேர்கின்றன. 2022-இல் திருத்திய ‘ஹைவே கோடு’ என்னும் சாலை விதித்தொகுப்பு, 30 மைல் வேகம்வரை சைக்கிளை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் விலக வேண்டும், வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும் என்கிறது. அதை மீறுவது தன்னளவில் குற்றமல்ல; வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் சான்றாகும்.

குதிரைப் பாதையிலோ சைக்கிள்காரருக்குப் பந்தியில் கடைசி இலை. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டியது சட்டக் கடமை. பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிள் குதிரையை மிரட்டிவிடும். தூரத்திலேயே பெல் அடித்தோ குரல் கொடுத்தோ, வேகம் தணித்துப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே புகுவதைவிடச் சுற்றிப் போவது மேல்.

வழி அடைபட்டிருந்தால்? பொது வழியைப் பூட்டவோ முள்கம்பி கட்டவோ உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதாலும், பொதுவாக 14 நாளுக்குள் திரும்பச் சமப்படுத்தித் தர வேண்டும். புகார் போக வேண்டிய இடம் கவுன்சிலின் பொதுவழிப் பிரிவு. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு வழியைக் காக்கும் கடமையை அந்த அலுவலகத்தின் தலையில்தான் வைத்திருக்கிறது. வாய்மொழிப் புகார் காற்றோடு போகும். இடத்தின் வரைபட எண், படம், தேதியோடு எழுத்தில் அனுப்ப வேண்டும்.

சாலைப் பள்ளத்தில் விழுந்து அடிபட்டால் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். முறையாகச் சோதித்துப் பராமரித்தோம் என்று காட்டி கவுன்சில் தப்பிக்க 58-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆகவே பள்ளத்தை அளவுகோல் வைத்துப் படமெடுப்பதும், தகவல் உரிமைச் சட்டத்தில் சோதனைப் பதிவேட்டைக் கேட்பதும் வழக்கின் உயிர்நாடி. முன்பே யாராவது ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ என்னும் இணையப் புகார்த் தளத்தில் அந்தப் பள்ளத்தைப் பதிந்திருந்தால் வழக்குக்குப் பலம் கூடும். குதிரைப் பாதைச் சேற்றுக்கு மட்டும் இந்த வழக்கு எடுபடாது. சைக்கிளுக்கு ஏற்ப அதைப் பராமரிக்கும் பொறுப்பு கவுன்சிலுக்கு இல்லை என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது.

உரசிப்போன காரின் வீடியோ இருந்தால் காவல்துறையின் இணையப் பக்கத்தில் உடனே ஏற்ற வேண்டும். வழக்கு முன்னறிவிப்பு 14 நாளுக்குள் வாகனத்தைத் தன் பெயரில் பதிந்திருப்பவரிடம் சேர்ந்தாக வேண்டும் என்பதால் தாமதித்தால் வீண். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றாலும் மோட்டார் இன்ஷூரர்ஸ் பியூரோவிடம் இழப்பீடு கோரலாம். காயத்துக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்றாண்டு கெடு. வெளிநாட்டுப் பயணிக்கு அவசரப் பிரிவில் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்த பிறகு பில் வரும். பயணக் காப்பீட்டில் சைக்கிள் சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. மலையில் சிக்னல் பலவீனம் என்பதால் ‘ரெஜிஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பிரிட்டிஷ் எண்ணைப் பதிந்துவைத்தால், பேச முடியாத இடத்திலும் உதவி கேட்கலாம்.

உள்ளூரில் குடியிருப்பவருக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு தடத்தை மக்கள் 20 ஆண்டுகள் அனுமதி கேட்காமல், ஒளிக்காமல், தடையில்லாமல் பயன்படுத்தியிருந்தால் அதைப் பொது வழியாகப் பதியவோ வகையை உயர்த்தவோ கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். பதிவாகாத பழைய வழிகளைப் பதிய 2026 ஜனவரி 1 என்று முதலில் கெடு வைத்தார்கள், பின் 2031-க்குத் தள்ளினார்கள், 2024 டிசம்பரில் கெடுவையே நீக்குவதாக அரசு அறிவித்தது. விண்ணப்பத்தை ஓராண்டுக்குள் கவுன்சில் முடிவு செய்யாவிட்டால் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் முறையிட்டு உத்தரவு கேட்கலாம்.