இறக்குமதிச் சார்பை அளப்பது எப்படி?

ஒரு நாட்டின் இறக்குமதிச் சார்பை அறிய, இறக்குமதி மதிப்பை மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுவது வழக்கம். சரக்கையும் சேவையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிங்கப்பூரில் இவ்விகிதம் 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வந்திறங்கும் சரக்கில் கணிசமான பகுதி மீண்டும் ஏற்றுமதியாகிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். எனவே, உள்நாட்டு மக்கள் நுகர்வதில் எவ்வளவு அயலிலிருந்து வருகிறது என்பதே பொருத்தமான கேள்வி. அங்கு உணவில் அது 90 விழுக்காட்டுக்கும் அதிகம்.

எத்தனை இடங்களிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்தது. கோழிச்சோற்றுக் கடைகள் திணறின. அம்மாதமே இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி வழங்கப்பட்டது.

ஒரே வருவாயை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் இப்பாடம் பொருந்தும்.