உப்பு மண்ணில் காய்கறிக் கொல்லை

பழவேற்காடு ஏரிக்கரையில் காய்கறி வளர்க்க நினைப்பவர் முதலில் உப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரியின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, வெயிலில் நீர் வற்றி, ஏரி கடலைவிடவும் கரிக்கும். தோணிரேவு போன்ற கரையோர மீனவர் ஊர்களில் வீட்டைச் சுற்றியுள்ள மணலும், அடியில் இருக்கும் ஊற்றும், வீசும் காற்றும் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டவைதான். மீனுக்கு இங்கே குறைவில்லை. கத்தரியும் வெண்டையும் கீரையும்தான் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அதை நாள்தோறும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாவது கடினம். கொல்லையில் ஒரு பங்கு விளைந்தாலும் அது பெரிய உதவி.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் கிடைக்கும் விதம் தனி. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் எடை கூடியது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மறுபுறம், மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவிடும். இதே வட்டாரத்தில் மீஞ்சூர்ப் பகுதி இதற்குக் கசப்பான சான்று. பாசனத்துக்கும் சென்னை நகரின் குடிநீருக்கும் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததில், 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த கடல்நீர், பின்னர் இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே ஏரிக்கரை வீட்டில் ஆழ்குழாய் போட்டு மோட்டாரால் இறைத்துத் தோட்டம் போடுவது தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொள்ளும் வேலை. ஆழமில்லாத ஊற்றில் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுப்பதுதான் இங்கே சரியான முறை.

விதை வாங்குவதற்கு முன் தண்ணீரை அளந்துவிடுவது நல்லது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் எந்தக் காயும் வைக்கலாம். 450 முதல் 2,000 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000 தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி வைக்க வேண்டாம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன வழிகாட்டி தரும் எல்லைகள் இவை. கடல்நீரில் இதே அளவு சுமார் 35,000. ஒரே ஊற்று மார்கழியில் ஒரு கணக்கும் சித்திரையில் வேறு கணக்கும் காட்டும் என்பதால், இரண்டு பருவத்திலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இயற்கை முறை என்பது இந்த மண்ணில் விருப்பத்தின் பேரில் மட்டும் எடுக்கும் முடிவு அன்று. யூரியாவைத் தவிர்த்துப் பார்த்தால், கடையில் விற்கும் ரசாயன உரங்களில் பெரும்பாலானவை வேதியியல் கணக்கில் உப்புகளே. பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. ஏற்கெனவே கரிக்கும் மண்ணில் அதைக் கொட்டினால் வேர் நீரை உறிஞ்சுவது இன்னும் கடினமாகும். மணலோ எதையும் பிடித்து வைக்காது. இன்று போட்ட உரம் அடுத்த மழையில் அடிக்குப் போய்விடும். மக்கிய எருவும் இலைதழையும் மட்டுமே மணல் துகள்களுக்கு இடையில் நீரையும் சத்தையும் நிறுத்தி வைக்கும். மணலுக்கு ஒரு நற்குணமும் உண்டு. களிமண் நிலத்தில் தங்கிய உப்பை வெளியேற்ற ஆண்டுகள் ஆகும். மணலில் இரண்டு மூன்று கனமழை போதும்.

அதனால்தான் இங்கே ஆடிப்பட்டத்தைப் பிடித்துக்கொண்டு விதைப்பது சரிவராது. ஆடியில் மண்ணின் உப்பு உச்சத்தை ஒட்டி இருக்கும். புரட்டாசியில் நாற்றைத் தொட்டியிலோ பழைய பனையோலைக் கூடையிலோ, நல்ல தண்ணீர் ஊற்றி, கூரைக்கு அடியில் வளர்க்கலாம். வடகிழக்குப் பருவமழை மண்ணைக் கழுவியபின், கார்த்திகைக் கடைசியில் பாத்திக்கு மாற்றினால், தை முதல் பங்குனி வரை நல்ல அறுவடை. முளைக்கும் விதையும் இளநாற்றும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். வளர்ந்த செடி ஓரளவு தாங்கும்.

பாத்தி ஒரு மீட்டர் அகலம் இருந்தால் இரு பக்கமிருந்தும் கை எட்டும். வீட்டின் தளத்தையும் மழைநீர் தேங்கும் இடத்தையும் பார்த்து, தரையைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டலாம். அடியில் தென்னை மட்டை, பனையோலைத் துண்டு, காய்ந்த இலை. அதன் மேல் தொழுவுரமும் மணலும் கலந்த அடுக்கு. வண்டலோ செம்மண்ணோ கிடைத்தால் ஒரு பங்கு சேர்க்கலாம். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். கடலோரத்தில் ஊறவைத்த நாரில் உப்பு ஏறியிருக்கும். வரப்பில் நடும்போது உச்சியைத் தவிர்த்துச் சரிவில் நடுவது நல்லது. நீர் ஆவியாகும்போது உப்பு மேலேறி வரப்பின் உச்சியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

அடுப்புச் சாம்பலை எல்லாத் தோட்டத்திலும் தூவச் சொல்வார்கள். இந்த ஏரிக்கரையில் அது கூடாது. மணலில் கிளிஞ்சல் துண்டுகள் கலந்திருப்பதால் மண் இயல்பாகவே காரத்தன்மை உடையது. சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தை மேலும் கூட்டும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்கும்.

மீனவர் வீட்டுக் கொல்லைக்கு மற்ற ஊர்க்காரருக்கு வாய்க்காத உரம் ஒன்று உண்டு. மடவையும் இறாலும் நண்டும் ஆய்ந்தபின் மிஞ்சும் குடல், செவுள், தலை, ஓடு எல்லாம் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தவை. மீனையும் இறைச்சியையும் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றும் குணபஜலம் பற்றிச் சுரபாலரின் ‘விருட்சாயுர்வேதம்’ பேசுகிறது. இன்று தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் பரவலாகப் பயன்படுத்துவது மீன் அமிலம். நறுக்கிய மீன் கழிவும் அதே எடை வெல்லமும் பிசைந்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, மூடியை இறுக்காமல் நிழலில் வைக்க வேண்டும். உள்ளே காற்று உண்டாகும் என்பதால் முழுக்க நிரப்பினாலும் இறுக மூடினாலும் பொங்கிவிடும். முதல் வாரம் நாற்றம் வரும். மூன்று நான்கு வாரத்தில் நாற்றம் அடங்கி, பழவாடை எழும். மேலே தேன் பதத்தில் பழுப்பு நிற நீர் தெளிந்து நிற்கும். அதை வடிகட்டிப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி வரை கலந்து, மாலை வேளையில் வேரில் ஊற்றலாம், இலையில் தெளிக்கலாம். பறிக்கும் நிலையில் உள்ள கீரைமேல் தெளிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையை மறக்கக் கூடாது. கருவாட்டுக்கு உப்புப் போட்ட மீனின் கழிவையும், ஏரித்தண்ணீரில் கழுவிய கழிவையும் அப்படியே பயன்படுத்தினால் உரத்தோடு உப்பும் கொல்லைக்குள் வந்துவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிய பின்னரே குழியிலோ வாளியிலோ போட வேண்டும். கரையில் ஒதுங்கும் பாசியும் அப்படித்தான். ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நனைந்தபின் சேர்க்கலாம். வெல்லம் வாங்க இயலாதவர் கழிவைக் குப்பைக்குழியில் ஒன்றரை அடி ஆழத்தில், காய்ந்த இலைக்கு நடுவே புதைத்து மண்ணால் மூடலாம்; நாயும் பூனையும் கிளறாது.

இறால் ஓட்டையும் நண்டு ஓட்டையும் தனியே காயவைத்து இடித்து வைப்பது வீணாகாது. மணல் நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத பெரும் பகை வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை திடீரென்று வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் சிறு முடிச்சாக இருக்கும். ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால், கைட்டின் கலந்த நூற்புழு முட்டைகளையும் அவை தாக்கும். ஓட்டில் சுண்ணாம்பும் இருப்பதால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். ஊடே துலுக்கச் சாமந்தி வைப்பதும், வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஒரே பாத்தியில் ஒரே குடும்பச் செடியைத் திரும்ப வைக்காமல் இருப்பதும் துணை.

எந்தக் காய் வைப்பது என்பதைத் தண்ணீரின் உப்போடு மண்ணின் உப்பும் சேர்ந்து முடிவு செய்யும். மண்ணின் உப்பை ‘மீட்டருக்கு டெசிசீமன்ஸ்’ என்ற அலகில் அளப்பார்கள்; 4 தாண்டினால் உவர் நிலம். பீன்ஸும் கேரட்டும் 1 தாண்டியதுமே விளைச்சலில் குறையும். வெங்காயமும் முள்ளங்கியும் 1.2 வரை, மிளகாய் 1.5, தக்காளியும் வெள்ளரியும் 2.5. பீட்ரூட் 4 வரைக்கும், காராமணி ஏறக்குறைய 5 வரைக்கும் சளைக்காது. தரையில் படரும் பருப்புக்கீரை 6ஐயும் தாண்டி நிற்கும். தோணிரேவுக் கொல்லைக்குக் காராமணியையும் கீரைகளையும் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மழை முடிந்த நல்ல மாதங்களில் மட்டும் தக்காளி, கத்தரி, மிளகாய் வைப்பது புத்திசாலித்தனம். முருங்கை ஒன்றும் அகத்தி ஒன்றும் ஓரத்தில் நின்றால் கோடையிலும் சமையலுக்குக் கீரை இருக்கும். சதுப்பில் தானாக விளையும் உமரிக்கீரையைக் கடலோர மக்கள் நெடுங்காலமாகச் சமைத்து வருகிறார்கள். அதில் உப்பு மிகுதி. வேகவைத்து நீரை வடித்துவிட்டே சமைக்க வேண்டும்.

சுரை, பீர்க்கை, கோவை ஏற்றுவதற்குக் கிழிந்த வலை நல்ல பந்தல். ஆடு, கோழி நுழையாமல் வேலிக்கும் அதுவே உதவும். தரையோடு தளர்வாகத் தொங்கவிட்டால் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கி மாளும்; இழுத்துக் கட்டி, அடியை மண்ணில் புதைத்துவிட வேண்டும். கடற்காற்று வீசும் பக்கம் பூவரசோ புன்னையோ வைத்தால் உப்புத்தூறலை அவை தாங்கிக்கொள்ளும். காற்றடித்த மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவினால் ஓரம் கருகாது.

நல்ல தண்ணீருக்கு மழையே மூலம். 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது; இங்கே அதைச் சட்டத்துக்காக மட்டும் செய்யாமல் கொல்லைக்காகவும் செய்ய வேண்டும். தண்ணீரைச் சிக்கனப்படுத்தப் பானைப் பாசனம் மிகப் பொருத்தம். சூளையில் சுட்ட சாதாரண மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடி, சுற்றிலும் நான்கு செடி வைத்தால், வேர் கேட்கும் அளவுக்கு மட்டும் நீர் கசியும். மேல்மண் நனையாததால் ஆவியாவதும் குறைவு. அரிசி களைந்த நீரையும் காய்கறி அலசிய நீரையும் தாராளமாக ஊற்றலாம். சோப்புத்தூள் கலந்த துணி துவைத்த நீரில் சோடியம் இருக்கிறது. பாத்திக்கு அது ஆகாது. மூடாக்கும் கட்டாயம் வேண்டும்: கூடை முடைந்த பின் மிஞ்சும் ஓலைத் துணுக்கு, வைக்கோல், காய்ந்த சருகு எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும்.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது போதும். வெண்டையில் மஞ்சள் தேமல் கண்டால் மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டு போகும்.

புயலில் கடல்நீர் புகுந்துவிட்டால் தோட்டம் போயிற்று என்று விட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடலோரத்தில் உப்பேறிய வயல்களைத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், இலைதழையும் எருவும் இட்டும் மீட்டார்கள். அந்தப் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013). கொல்லையிலும் அதே வழிதான்: மேலே படிந்த உப்புச் சேற்றை வாரி எடுத்து, மழையில் கழுவவிட்டு, தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மண்ணோடு மடக்கிவிட வேண்டும்.

மண் பரிசோதனைக்கும் விதைக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையும் அணுகலாம். ஆவணிக்குள் கேட்டுவிட்டால் மழைக்கு முன் பாத்தி தயாராகிவிடும்.