எந்த ஆண்டின் அஷ்ரப்?

தேர்தல் காலத்தில் கல்முனை பிரதான வீதியால் போகிற வெளியூர்க்காரர் குழம்பித்தான் போவார். பெனருக்குப் பெனர் சின்னம் மாறும், நிறம் மாறும், நடுவில் சிரிக்கிற முகமும் விருப்பு இலக்கமும் மாறும். மேல் மூலையில் இருக்கிற முகம் மட்டும் மாறாது. மரத்துக்கு வாக்குக் கேட்பவரும், குதிரைக்குக் கேட்பவரும், மயிலுக்குக் கேட்பவரும் அந்த ஒரே மனிதரைத்தான் மேலே வைத்திருப்பார்கள். இரவானால் ஒலிபெருக்கியில் அவருடைய பழைய மேடைப் பேச்சும் கேட்கும்.

அவர் எம்.எச்.எம். அஷ்ரப். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், சட்டத்தரணி, கவிஞர், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகர். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகொப்டர் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க மலையில் மோதியது. அவரும் உடன் வந்த அனைவரும் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு எந்த வாக்குச்சீட்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அம்பாறைக் கரையோரத்தில் அவர் பெயரை விட்டுவிட்டு நடந்த தேர்தல் என்று ஒன்றைச் சொல்லவும் முடியாது.

இதில் விசித்திரமான ஒரு பொருத்தம் உண்டு. அஷ்ரப்பின் பதினைந்தாவது நினைவு தினமான 2015 செப்டெம்பர் 16 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரொனால்ட் ரீகனின் நினைவு நூலகத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் பதினொரு பேர் வரிசையாக நின்று விவாதித்தார்கள். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் தெரிவுத் தேர்தலுக்கான விவாதம் அது. பின்னணியில் ரீகன் பறந்த ஜனாதிபதி விமானம் நின்றது. மேடையில் நின்றவர்களில் பலர் தம்மையே ரீகனின் வழி வந்தவர்களாகக் காட்டிக்கொள்ளப் பாடுபட்டார்கள். கடைசியில் வென்ற டொனால்ட் ட்ரம்பின் சுலோகமே ரீகன் 1980இல் சொன்னதன் மறுபதிப்பு. அதே ரீகன் 1986இல் கையெழுத்திட்ட சட்டத்தால், ஆவணமில்லாமல் குடியேறியிருந்த சுமார் 27 இலட்சம் பேர் சட்டபூர்வ வதிவுரிமை பெற்றார்கள். குடியேறிகளுக்கு எதிராக மதில் கட்டப் போவதாக முழங்கிய மேடையில் அதை நினைவூட்டி யாருக்கு என்ன லாபம்?

எதிர்க் கட்சியோடு மோதும்போது கொள்கையைப் பேசலாம், வித்தியாசம் தெரியும். சொந்த வீட்டுக்குள் நடக்கிற போட்டியில் எல்லோருக்கும் ஒரே கொள்கை, ஒரே வாக்காளர், பல வேளைகளில் ஒரே உறவுக்காரர். அங்கே வேறுபாடு காட்ட மிஞ்சுவது ஒன்றுதான்: உண்மையான வாரிசு யார் என்பது.

இலங்கையில் அமெரிக்காவைப் போலத் தெரிவுத் தேர்தல் கிடையாது. ஆனால் 1989 பொதுத் தேர்தலிலிருந்து விருப்பு வாக்கு இருக்கிறது. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு. அதனால் ஒரே பட்டியலில் நிற்கிறவர்களே ஒருவருக்கொருவர் எதிரி. கல்முனைக்கு ஓர் எம்.பி, சம்மாந்துறைக்கு ஓர் எம்.பி, நிந்தவூருக்கு, அட்டாளைச்சேனைக்கு, அக்கரைப்பற்றுக்கு, பொத்துவிலுக்கு என்று ஊர்க்கணக்கும் இதற்குள் வந்து சேர்ந்துகொள்கிறது. இந்த ஊர்களெல்லாம் அடங்கிய அம்பாறையின் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்துக்கு மொத்தமே ஏழு ஆசனங்கள். பக்கத்து ஊர்க்காரரின் வாக்கையும் இழுக்க வேண்டுமென்றால் ஊர் எல்லையைத் தாண்டிய ஒரு பெயர் வேண்டும். அஷ்ரப்புக்குப் பிறகு அப்படியொரு பெயர் இந்தக் கரையில் முளைக்கவில்லை.

வாரிசுச் சண்டை மையித்து அடங்கிய கையோடு தொடங்கிவிட்டது. கட்சிக்கு ரவூப் ஹக்கீமும் அஷ்ரப்பின் மனைவி பேரியல் அஷ்ரப்பும் இணைத் தலைவர்கள் என்று ஏற்பாடானது. அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. ஹக்கீமிடம் முஸ்லிம் காங்கிரஸும் மரச் சின்னமும். பேரியலிடம், அஷ்ரப் தன் இறுதிக் காலத்தில் தொடங்கிய தேசிய ஐக்கிய முன்னணி. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு ஜானகியும் ஜெயலலிதாவும் 1989 தேர்தலில் இரட்டைப் புறாவும் சேவலுமாகப் பிரிந்து நின்ற கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே இரட்டை இலை முடக்கப்பட்டது; இங்கே மரம் ஒருவர் கையிலேயே தங்கிவிட்டது. ஹக்கீம் கட்சியைக் காப்பாற்றிக்கொண்டதில் அந்த மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு கிளைகள் முறிந்துகொண்டே இருந்தன. அக்கரைப்பற்றின் ஏ.எல்.எம். அதாவுல்லா பிரிந்து போய்த் தன் கட்சிக்கு முதலில் வைத்த பெயரே 'அஷ்ரப் காங்கிரஸ்'. அதுதான் பெயர் மாறி மாறி இன்று தேசிய காங்கிரஸாக நிற்கிறது. வன்னியிலிருந்து முஸ்லிம் காங்கிரஸ் வழியாகப் பாராளுமன்றம் வந்த ரிஷாட் பதியுதீன் அகில இலங்கை மக்கள் காங்கிரஸோடு அம்பாறைக்குள் இறங்கினார். கட்சியின் செயலாளராக இருந்த ஹசன் அலி தலைமையோடு முரண்பட்டு வெளியேறிய காலத்தில் 'தூய முஸ்லிம் காங்கிரஸ்' என்ற பேச்சு எழுந்தது. வெளியேறிய ஒருவராவது 'அஷ்ரப்பின் பாதை பிழை' என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. எல்லோரும் மர்ஹூம் தலைவரின் பாதைக்குத் திரும்புவதாகச் சொல்லித்தான் போனார்கள்.

திரும்புவதென்றால் எந்த ஆண்டின் அஷ்ரப்பிடம்?

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து, அதன் மேடைகளில் ஈழத்துக்காகப் பேசிய இளம் சட்டத்தரணி ஒருவர். 1981இல் காத்தான்குடியில், முஸ்லிம்களுக்குத் தனிக்கட்சி வேண்டும் என்று புறப்பட்டவர் இன்னொருவர். 1994இல் சந்திரிகா அரசாங்கத்தில் கப்பல்துறை, துறைமுக, புனர்வாழ்வு அமைச்சராக அமர்ந்தவர் மூன்றாமவர். கடைசியாக, முஸ்லிம் என்ற அடையாளத்தையே பெயரில் வைக்காத தேசிய ஐக்கிய முன்னணியைக் கட்டி எல்லா இனத்தவரையும் சேர்க்கப் பார்த்தவர். நால்வரும் ஒரே ஆள். அரசாங்கத்தில் சேர்கிற வாரிசுக்கு 1994 கை கொடுக்கும். எதிரணியில் அமர்கிறவர் 1981ஐ எடுத்துக்கொள்வார். 1977 மட்டும் முஸ்லிம் ஊர் மேடைகளில் அபூர்வமாகத்தான் வெளியே வரும்.

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி மேற்கே போனால் சவளக்கடை. வயல்களுக்கு நடுவே தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கிற பக்கம் அது. கல்முனையில் வாக்கு வாங்கித் தருகிற அந்தப் படம் இங்கே பாதி வீடுகளில் செல்லாது. அங்குள்ள தமிழ் வாக்காளருக்கு அஷ்ரப் என்றால் ஒரு காலத்தில் கூட்டணி மேடையில் நின்றவர், பிறகு பிரிந்து போனவர். மாரியில் ஆற்று வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும்போது இரண்டு இனத்தவரும் ஒரே பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும் தண்ணீரைக் கடப்பார்கள். அங்கே உயரமான பாலம் ஒன்று கட்டித் தருவதாக வாக்குறுதி கொடுக்காத கட்சி எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

வாரிசுகள் அதிகம் பேச வேண்டியதும் குறைவாகப் பேசுவதுமான ஒரு சங்கதி உண்டு. அது அஷ்ரப்பின் பேரம். 1988வரை மாவட்டமொன்றில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளி நூற்றுக்கு 12.5. அதை 5 ஆகக் குறைத்த பதினைந்தாவது திருத்தம் 1988 டிசம்பர் 17இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்னர் சட்டமானது. அதில் போட்டியிட்ட பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுப்பதற்குப் பதிலாக அஷ்ரப் கேட்டு வாங்கியது அது என்பது கிழக்கில் எல்லோரும் அறிந்த கதை. இன்றைக்கு நாட்டின் எந்த மூலையிலும் ஒரு சிறு கட்சி ஓர் ஆசனத்தோடு பாராளுமன்றம் போகிறதென்றால் அந்தத் திருத்தத்துக்கும் அதில் பங்குண்டு. 1994இல் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தது 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. மலையக மக்கள் முன்னணியோடு தொடர்புடைய ஒருவரும் சேர்ந்துதான் 113 என்ற பெரும்பான்மை எட்டப்பட்டது. ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன கேட்கலாம் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதன் விளைவுதான்.

அதே 1994இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அவர் ஒரு சவாலும் விட்டிருந்தார்: எதிர்பார்த்த சபைகள் கிடைக்காவிட்டால் எம்.பி பதவியை விட்டுவிடுவேன். கிடைக்கவில்லை; விட்டுவிட்டார். மர்ஹூம் தலைவரின் வழி என்று மேடையேறுகிற எவரும் இந்த வழியை மட்டும் பின்பற்றியதாகத் தெரியவில்லை.

ஒலுவிலில் இன்னொரு கனவும் இருந்தது, துறைமுகம். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் டென்மார்க்கின் கடனுதவியோடு அது கட்டப்பட்டது. 2013 செப்டெம்பரில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். ஆக, அஷ்ரப்பின் கனவை நனவாக்கிய பெருமைக்குக் கொழும்பிலும் ஒரு பங்காளி சேர்ந்தார். ஆனால் வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. அலைதடுப்புக் கல்லணைக்கு ஒரு பக்கத்தில் மணல் சேர்ந்து படகு வாயிலை மூடியது. மறு பக்கத்தில் கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சரிந்தன, மீனவர் வாடிகள் போயின, கரை நிந்தவூர்ப் பக்கமாகவும் கரைந்தது. மணலை அள்ளுவதா வாயிலை மூடுவதா என்று மீனவர்களும் கரையோரக் காணிக்காரர்களும் முரண்பட்டு நின்றார்கள். கனவுக்கு உரிமை கேட்டு வரிசையில் நின்றவர்களில் யாரும் அரிப்புக்கு உரிமை கேட்கவில்லை.

இந்தப் பெயரின் விலை குறையத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் 2018இல் தெரிந்தது. தனிப் பிரதேச சபை கேட்டுக் களைத்துப்போன சாய்ந்தமருது, அந்த வருட உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழுவை நிறுத்தியது. சின்னம் தோடம்பழம். கல்முனை மாநகர சபைக்குள் அந்த ஊரின் வட்டாரங்களில் மரம் தோற்றது. மர்ஹூம் தலைவரின் கோட்டை என்று சொல்லப்பட்ட இடத்தில், அவர் படத்தைவிட ஊருக்கு ஒரு சபை வேண்டும் என்ற கோரிக்கை கனமாக இருந்தது.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அஷ்ரப்பின் வாரிசுரிமை எதுவும் கோராத தேசிய மக்கள் சக்தி திகாமடுல்லவின் ஏழில் நான்கை எடுத்துக்கொண்டது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. மீதி இரண்டை மரமும் மக்கள் காங்கிரஸும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டன, அதாவுல்லாவின் குதிரைக்கு ஒன்றுமில்லை. மரத்தில் வென்ற எம்.எஸ். உதுமாலெப்பை நெடுங்காலம் அதாவுல்லாவின் அணியில் இருந்து திரும்பி வந்தவர். அந்தத் தேர்தலில் முதல் தடவை புள்ளடியிட்டவர்களில் அநேகமாக ஒருவர்கூட அஷ்ரப் உயிரோடிருந்த காலத்தைக் கண்டவர் இல்லை. அவர்களிடம் வாக்குக் கேட்கப் போகிறவர் முதலில் அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லித்தான் தொடங்க வேண்டும்.