நேராப் போ, திரும்பாதே

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய சந்து ஒன்றில் காலை ஐந்தரை மணி. வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. மாடியில் குடியிருக்கும் ஜெர்மன்காரப் பெண் குனிந்து சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோடு இன்னொன்றைத் தொட்ட இடத்தில் அவர் கை தயங்கியது. பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அக்கா, “அங்க திரும்பாதம்மா. நேராப் போ” என்றார்.

இந்தப் பகுதிக்கு வெளிநாட்டார் புதிதல்ல. 1931-இல் ஆங்கிலேயரான பால் பிரண்டன் ரமண மகரிஷியைப் பார்க்க வந்தார். 1934-இல் பிரண்டன் வெளியிட்ட புத்தகத்தைப் படித்துவிட்டுப் பலர் வந்தார்கள். 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். தெரு ஓவியம் என்றால் சுவரை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள், இங்கே குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் மாவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது மணற்கடிகையின் மணல்போல ஒரே சீராக இறங்க வேண்டும். மைதாபோல நைசாக இருந்தால் கட்டி தட்டும். அதனால்தான் கோலமாவு கொஞ்சம் நறநறவென்று இருக்கிறது. தெளித்த ஈரம் அதைத் தரையோடு பிடித்துக்கொள்கிறது.

அடுத்து புள்ளி. “15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை.” இவ்வளவு சொன்னால் போதும். நடுவில் 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் முடியும். கூட்டிப் பாருங்கள், 169 புள்ளிகள் வரும், தேனடை அறைகளைப்போல. 169 இடங்களின் வரைபடத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்!

இப்போது அக்காவின் விதி. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளியாக, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக, 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. புள்ளிகளுக்கு இடையே சாய்வாகக் கோடு இழுங்கள். ஓரம் வந்தால் வளைந்து திரும்பலாம். கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் திரும்பக் கூடாது. 17 இடங்களில் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, எல்லாப் புள்ளியையும் வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஒரே கம்பி, அதாவது முறியாத ஒரே கோடு.

4 வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்தால்? நான்கு தனித்தனிக் கம்பிகள். எத்தனை கம்பி என்பதைப் போடாமலேயே சொல்லலாம்: வரிசை, புள்ளி இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை. பள்ளியில் வேண்டா வெறுப்பாகப் படித்த மீப்பெரு பொதுக் காரணி, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

நான்கையும் ஒன்றாக்க ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கம்பிகள் வெட்டும் இடத்தில், வெட்டவிடாமல் இரண்டு வில்லாக முதுகோடு முதுகு திருப்பிவிட்டால் இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். மூன்று இடத்தில் இப்படிச் செய்தால் நான்கும் ஒன்று.

இதை ஒரு மொழியாகவே பார்த்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க விதி இருப்பதுபோல, சிறு வடிவங்களைச் சேர்த்துக் கோலம் அமைக்கும் விதிகளை, கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் வெளியிட்டார்கள். கணினியியலில் இதற்குப் பட இலக்கணம் என்று பெயர், அதாவது படங்களைப் பிறப்பிக்கும் விதித்தொகுப்பு.

எனக்கு இதைவிட வியப்பு ஆப்பிரிக்காவின் அங்கோலா. அங்கே சோக்வே மக்கள் மணலில் விரல்நுனியால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே கோடிழுப்பார்கள். சோனா என்பது அதன் பெயர். போடுகிறவர்கள் ஆண்கள்! பாவுலுஸ் கெர்தெஸ் என்ற கணித ஆய்வாளர் சோனாவையும் நம் கோலத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். பல சோனாக்களில் இதே நேராகப் போகும் கோடு, இதே பொதுக் காரணிக் கணக்கு.

கோலம் முடிந்தது. ஜெர்மன்காரப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அக்கா, நாளைக்கு அஞ்சுக்கு அஞ்சு?”

அக்கா விரலை மடக்கி யோசித்தார். “அஞ்சு கம்பியா வருமேம்மா. சரி, நாலு இடத்துல சேத்துவிட்டுடலாம்.”