உஷார்! துப்பாக்கிக் கட்டையின் அழகில் மயங்காதீர்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ முறைப்படி உரிமம் எடுத்து மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். (இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை; ஆகவே இது கடல் கடந்திருப்பவர்களுக்கு.) பழைய ரைஃபிள் ஒன்று சல்லிசாக வந்திருக்கிறது, கட்டை பூராவும் தேன் நிறத்தில் ரேகை அலையலையாக ஓடுகிறது என்று யாராவது படம் அனுப்பினால் உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். படத்தில் பளபளப்பது தோளில் பதியும் பின்பகுதி. கட்டை உடைவது அங்கே அல்ல.

கழுத்தில்தான் உடையும். விரல்கள் வளைத்துப் பிடிக்கும் அந்த ஒடுங்கிய இடம்தான் முழுக் கட்டையிலும் மெலிந்தது. ரைஃபிளின் இரும்புப் பகுதியான ஆக்‌ஷன் அதற்குச் சற்று முன்னால் வால்போலக் குறுகி முடிகிறது. அங்கே திருகுக்காக ஓட்டையும் போட்டிருப்பார்கள். குண்டு வெடித்ததும் இரும்பு முழுதும் பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையை ஆக்‌ஷனின் அடியில் உள்ள ரீகாயில் லக் என்ற இரும்புக் காதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். காது மரத்தோடு இறுக்கமாக உட்காராமல் மயிரிழை இடைவெளி விட்டால்கூட உதை அப்படியே வாலுக்குப் போய்விடும். அப்புறம் விறகில் ஆப்பு இறங்குகிற கதைதான். 1906-ல் வந்த .30-06 ரக ரைஃபிளிலேயே இது நடக்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும் .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வாங்குமுன் குண்டு இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டையைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். கழுத்து எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் மரத்தின் இழையும் ஓட வேண்டும். இழை குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், மரம் எவ்வளவு வைரம் பாய்ந்ததாக இருந்தாலும் ஒருநாள் கீழே விழும்போது இரண்டாகும். கிளை பிரியும் கவட்டையில் எடுத்த மரத்தில் மயிலிறகு போன்ற கோலம் விழும்; விலையும் ஏறும். அந்தக் கோலம் பின்பகுதியோடு நின்றால் கண்ணுக்கு விருந்து. கழுத்துவரை ஏறியிருந்தால் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, விற்பவர் சம்மதித்தால் திருகுகளைக் கழற்றி ஆக்‌ஷனைத் தூக்கச் சொல்லுங்கள். சம்மதிக்கவில்லையா? நானாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுவேன். வால் உட்காரும் பள்ளத்தின் பின்னால் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சட்டென்று உலர்ந்துவிடும். விரிசல் இருந்தால் ஈரம் அதற்குள் தங்கி, கருப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த இடத்து மரமே கருத்து மெத்தென்று இருந்தால் இன்னும் மோசம். வருடக்கணக்காக நிமிர்த்தி வைத்த துப்பாக்கியில் போட்ட எண்ணெய் வழிந்து மரத்தில் ஊறியிருக்கிறது. அந்த மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது.

புதுக் கட்டையிலும் வில்லங்கம் உண்டு. ‘வால்நட் ஃபினிஷ்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சாயம் பூசிய பிர்ச்சோ பீச்சோதான். அசல் வால்நட்டிலும் இங்கிலீஷ், பிரெஞ்சு, டர்க்கிஷ் என்று தனித்தனி விலை சொல்வார்கள்; மூன்றும் ஒரே அக்ரூட் இனம். ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்காமல் இழைக்குக் கொடுங்கள். காயாத மரமோ இன்னும் பெரிய தொல்லை. கட்டை செய்யும் கனத்த பலகை காற்றில் உலர வருடங்கள் ஆகும். அவசரத்தில் கடைந்தது பின்னால் முறுக்கிக்கொண்டு குழாயைப் பக்கவாட்டில் தள்ளும். வேட்டை நாளன்று குறி எங்கோ போகும். குழாயைத் தொடாதபடி அமைத்த கட்டை என்றால், குழாய்க்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு டாலர் நோட்டைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழியில் சிக்கினால் மரம் குழாயை முட்டுகிறது. வெளியே வார்னிஷ் மின்னும், குழாய் படியும் பள்ளம் மட்டும் பூச்சில்லாத மரமாக விடப்பட்டிருக்கும். மழை ஈரம் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான்.

மழையும் பனியுமாக அலைபவர் என்றால் மெல்லிய தகடுகளை ஒட்டிய லேமினேட் கட்டையே மேல். ஜெர்மானியர்கள் 1930-களின் கடைசியிலேயே தங்கள் ராணுவ ரைஃபிளுக்கு அதைத்தான் போட்டார்கள். அழகு குறைச்சல், கனம் கூடுதல், ஆனால் முறுக்காது.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது. கட்டைக்கு வீட்டிலேயே ஆளி விதை எண்ணெய் தேய்ப்பவர்கள், தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்! அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா 1991 பிப்ரவரி 23 அன்று எரிந்தது இப்படித்தான். மரப் பலகைகளுக்கு மெருகேற்றிய வேலையாட்கள் 22-வது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணியில் பிறந்த தீ அது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். துணியை வெட்டவெளியில் ஒற்றை அடுக்காக விரித்து மொடமொடவென்று ஆகும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.